‘நிக்காது’

கடைக்காரர் என்னை அந்தத் தொட்டியின் முன்னால் நிற்கவே விடவில்லை. “அது வேணாம் சார், ஆந்தியாஸ். டெலிகேட் மீன். வீட்ல நிக்காது” என்று சொல்லி, கோமாளி மீன்கள் இருந்த பக்கம் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தார். நான் நகரவில்லை. இரண்டடித் தொட்டியில் எட்டு மீன்கள் இருந்தன. எட்டும் பெண் மீன்கள். பழுத்த ஆரஞ்சு நிறம், கண்ணிலிருந்து பக்கத் துடுப்பை நோக்கி இறங்கும் ஊதாக் கோடு. வயிறு உள்ளே ஒட்டியிருந்தது. தலைக்குப் பின்னால், முதுகு தொடங்கும் இடத்தில், சதை வற்றிக் கத்தி விளிம்புபோலத் தெரிந்தது. கடைசியாக எப்போது இரை போட்டீர்கள் என்று கேட்டேன். “வந்து நாலு நாள் ஆச்சு. இன்னும் போடல சார். விக்கிறதுக்கு முன்னாடி போட்டா தண்ணி கெட்டுடும்.”

கடையில் நான்கு நாள். அதற்கு முன் விமானத்தில் பைக்குள் ஒரு நாள். அதற்கும் முன், பையில் கழிவு சேரக்கூடாது என்பதற்காக ஏற்றுமதியாளரின் கிடங்கில் வேண்டுமென்றே பட்டினி போட்ட ஒன்றிரண்டு நாள். ஆக, ஒரு வாரமாக ஒன்றும் தின்னாத மீன்கள் அவை. இவற்றில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்றாம் வாரம் அது செத்தால் என்ன சொல்வோம்? டெலிகேட் மீன், நிற்கவில்லை என்போம்.

அந்தக் கடைக்காரரைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. மொத்த வியாபாரி அவரிடம் சொன்னதை அவர் என்னிடம் சொன்னார். மரைன் டேங்க் வைத்திருக்கும் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் அதையேதான் சொல்வார்கள். பல ஆண்டுகள் நானும் சொல்லியிருக்கிறேன். மீன் தொழிலில் ‘நிக்கிறது’ என்றால் தொட்டியில் பிழைத்து நிலைப்பது. ‘நிக்காது’ என்று சொல்லிவிட்டால் விசாரணை முடிந்துவிடுகிறது. சாவுக்கான காரணம் மீனின் உடம்புக்குள்ளேயே பிறவியிலிருந்து இருக்கிறது என்று தீர்ப்பாகிவிடுகிறது. பிடித்தவர், அனுப்பியவர், விற்றவர், வளர்த்தவர் எல்லோரும் விடுதலை. இந்தத் தீர்ப்பு தவறு என்று நான் நினைக்கிறேன். ஆந்தியாஸ் மென்மையான மீன் இல்லை. பெரும்பாலும் அது பசியால் சாகிறது. அந்தப் பசியை நாம்தான் உண்டாக்குகிறோம்.

முதலில் அதன் ஊரைப் பார்ப்போம். ஆந்தியாஸ் என்ற பெயரில் கடைகளில் அதிகம் வருவது சூடான்தியாஸ் ஸ்க்வாமிபின்னிஸ். ஜெர்மானிய விலங்கியலாளர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் 1855-இல் இதற்கு முதலில் விவரணை எழுதினார். செங்கடலில் தொடங்கி ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை, மாலத்தீவு, இலங்கை என்று பசிபிக் வரை பரவியிருக்கிறது. செங்கடலில் முக்குளித்தவர்கள் எடுத்த படங்களைப் பார்த்தால் பவளப் பாறையின் விளிம்பில் ஆரஞ்சுத் தூறல்போல நிறைந்திருப்பது பெரும்பாலும் இந்த மீன்தான். ஓரிரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில். இது ஒதுங்கி வாழும் அரிய உயிரும் இல்லை. நீரோட்டம் மோதும் முகப்பில், களவா மீன்கள் வேட்டையாடும் இடத்தில், பகல் முழுவதும் வெளியே நின்று பிழைக்கிறது. இரவில் மட்டும் பாறை இடுக்கில் நுழைந்து தூங்குகிறது. இப்படிப்பட்ட உயிரைப் பார்த்து எந்தக் கடலறிந்தவரும் ‘பூஞ்சை உடம்பு’ என்று சொல்லமாட்டார்.

அங்கே அது என்ன செய்துகொண்டிருக்கிறது? தின்றுகொண்டிருக்கிறது. நீரோட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்து நிற்கும். வெளிக்கடலிலிருந்து மிதந்து வரும் கோப்பிபாட் எனும் நுண்ணிய ஓட்டுடலிகள், மீன் முட்டை, இறால் நண்டுகளின் இளவுயிரிகள் இவற்றை ஒவ்வொன்றாகக் குறிபார்த்துக் கொத்தும். கொத்தி, நகர்ந்து, மறுபடி கொத்தும். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை இதே வேலை. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் ஹாம்னரும் அவருடைய சகாக்களும் செய்து 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை அழகாகக் காட்டியது. பாறை முகப்பில் மிதவையுயிரிகளைத் தின்னும் மீன்கள் வாய்களால் கட்டிய சுவர்போல நிற்கின்றன. பகலில் நீரோட்டம் கொண்டுவரும் மிதவையுயிரிகளில் பெரும் பகுதி அந்தச் சுவரைத் தாண்டுவதில்லை. ஆந்தியாஸ் அந்தச் சுவரின் ஒரு செங்கல். அதன் குடல் குட்டையானது. ஒரே வேளையில் நிறையத் தின்று சேமித்து வைக்கும் அமைப்பு அதற்கு இல்லை. சேமிக்க வேண்டிய தேவை கடலில் அதற்கு ஒருநாளும் வந்ததில்லை. அடுத்த வாய் இரை அடுத்த நொடியில் மிதந்து வரும்.

இந்த மீனைக் கொண்டுவந்து நாம் காலையில் ஆபீஸ் போகும் முன் ஒரு சிட்டிகை போடுகிறோம்.

நான் அதைத்தான் செய்தேன். பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஐந்து மீன்களுக்குத் தினமும் ஒருவேளை, அதுவும் அளந்து. தண்ணீர்ப் பரிசோதனையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் கருவியில் நிறமே காட்டாத அளவு. முதல் இரண்டு வாரம் எல்லாம் துள்ளி வந்து தின்றன. மூன்றாம் வாரம் ஒன்று பாறைக்குப் பின்னால் நிற்கத் தொடங்கியது. நோய் என்று நினைத்தேன். ஐந்தாம் வாரம் இரண்டு. ஏழாம் வாரம் கடைசி மீனைக் கரண்டி வலையில் எடுத்தபோது அது என் விரல் நீளம்தான் இருந்தது, ஆனால் எடையே தெரியவில்லை. பட்டினியில் மீன் உடனே சாவதில்லை. முதலில் உள்ளே இருக்கும் கொழுப்பு கரையும். பிறகு முதுகுச் சதை. அதன் பிறகு ஒரு கட்டம் வரும், வாய்க்கு முன்னால் இரை மிதந்தாலும் மீன் திரும்பிப் பார்க்காது. அந்தக் கட்டத்தில்தான் நமக்கு முதன்முதலாக உறைக்கிறது. ‘இரை எடுக்க மாட்டேங்குது, டெலிகேட்’ என்கிறோம். காரணம் ஆறு வாரம் முன்பே தொடங்கிவிட்டது. அன்று அந்த ஐந்து மீன்களும் என் தொட்டியின் சுத்தமான தண்ணீரில் பசித்துச் செத்தன. இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

‘அதிகமாக இரை போட்டால் தண்ணீர் கெட்டுவிடும்’ என்பது இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக வரும் எல்லோருக்கும் சொல்லித்தரப்படும் முதல் பாடம். பாதி உண்மைதான். தின்னாத இரை பாறை இடுக்கில் அழுகும், அம்மோனியாவாகும், பிறகு நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் தண்ணீரில் தங்கும், பாசி பிடிக்கும், பவளம் பழுப்பேறும். இதில் தகராறு இல்லை. ஆனால் இந்தப் பாடம் அளவையும் வேளையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது. ஒரு கரண்டி இரையை ஒரே நேரத்தில் கொட்டினால் பாதி கீழே போகும். அதே கரண்டியை ஆறாகப் பிரித்து, நீரோட்டத்தில் தூவினால், ஒவ்வொரு துகளும் ஒரு வாய்க்குள் போகும். தண்ணீரைக் கெடுப்பது மீன் தின்றதைவிட மீன் தின்னத் தவறியதுதான் என்பதை ஒரு மாதம் பார்த்தாலே யாரும் தெரிந்துகொள்ளலாம்.

சரி, ஆந்தியாஸ் கூட்டத்துக்கு மொத்த அளவும் கூடுதலாகத்தான் வேண்டும், நான் மறுக்கவில்லை. அதற்கு வழி மீனைப் பட்டினி போடுவதா, அழுக்கை வெளியேற்றுவதா? கழிவை நுரையாக்கி வெளியே தள்ளும் புரோட்டீன் ஸ்கிம்மர் எதற்கு இருக்கிறது? சம்ப் என்ற வடிகட்டித் தொட்டியில் கொஞ்சம் இடம் ஒதுக்கிக் கீட்டோமார்ஃபா பாசியை வளர்த்து, கைநிறையப் பிடுங்கி எறிந்தால் அதோடு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வெளியேறுகின்றன. வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றலாம். உறைந்த இரையைக் கரைத்து, அந்தக் கலங்கல் சாற்றை வடிகட்டிக் கீழே ஊற்றிவிட்டு, திடப்பொருளை மட்டும் போடலாம். இவை எதுவும் ரகசியம் இல்லை. ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் கொண்ட என் தொட்டியில், சுமார் 560 லிட்டரில், ஒரு நாளைக்கு ஆறு வேளை இரை போகிறது. பவளங்கள் அடிபடவில்லை. சொல்லப்போனால் பட்டினிக் காலத்தில் வெளிறிக் கிடந்த மென்பவளங்கள் இப்போதுதான் தடித்து நிற்கின்றன.

இந்த ‘சுத்தமான தண்ணீர்’ மோகத்துக்குப் பின்னால் ஒரு பெரிய தவறான புரிதல் இருக்கிறது. பவளக் கடல் சத்தற்ற கடல், ஆகவே தொட்டியும் சத்தற்றதாக இருக்க வேண்டும் என்கிறார்கள். பவளக் கடலில் குறைவாக இருப்பது கரைந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். உயிருள்ள இரை அங்கே நாளெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாம் கடலின் ஒரு பாதியை, அதாவது நைட்ரேட் அளவை, கருவி வைத்து அளந்து நகலெடுத்தோம். இன்னொரு பாதியை அளக்கக் கருவி இல்லாததால் மறந்துவிட்டோம். அந்த மறந்த பாதிதான் ஆந்தியாஸின் உணவு.

இரைக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இருக்கும் வசதி குளிர்நாட்டுக்காரர்களுக்கு இல்லை. ஆர்டிமியா என்ற சின்ன உப்புநீர் இறாலின் முட்டை, உப்புத் தண்ணீரில், 28 டிகிரி வெப்பத்தில், காற்றுக் குமிழ் விட்டால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிக்கும். சென்னையில் அந்த வெப்பத்துக்கு ஹீட்டர் தேவையில்லை. சமையலறை மூலையே போதும். (தொட்டிக்குத்தான் சில்லர் போட்டுத் தண்ணீரை 26 டிகிரிக்கு இறக்க வேண்டியிருக்கிறது.) கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் இருக்கும் இறால் குஞ்சு பொரிப்பகங்கள் எல்லாம் இந்த ஆர்டிமியாவை நம்பித்தான் நடக்கின்றன. தூத்துக்குடி உப்பளங்களில் இந்த உயிரி தானாகவே வளர்கிறது. அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த ஒரு நுணுக்கம் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. பொரித்த உடனே இருக்கும் ஆர்டிமியாக் குஞ்சில்தான் மஞ்சள்கருச் சத்து முழுதாக இருக்கும். நேரம் போகப்போக அது தன் சத்தைத் தானே எரித்துவிடும். அதற்கு வாய் திறப்பதே அடுத்த கட்டத்தில்தான்; அதன் பிறகுதான் சத்தெண்ணெய் ஊட்ட முடியும். ஆகவே காலையில் பொரித்ததைக் காலையிலேயே போட வேண்டும். நேற்றைய மிச்சத்தை அப்படியே போடுவது வெறும் ஓட்டைப் போடுவதுபோல.

மீதி வேளைகளுக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். இதைவிட நல்ல வழி வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். கானாங்கெளுத்திச் சினை கிடைக்கும் நாட்களில் வாங்கி, நன்றாகக் கழுவி, சவ்வை நீக்கி, சின்னச் சின்னக் கட்டிகளாக உறைய வைக்கிறேன். மீன் முட்டை ஆந்தியாஸுக்குப் பிறந்த இடத்துச் சாப்பாடு; பார்த்த மாத்திரத்தில் பாயும். உறைந்த மைசிஸை (இறால்போன்ற சிற்றுயிரி) அப்படியே போட்டால் வாய்க்குப் பெரிதாக இருக்கும், நறுக்கித்தான் போட வேண்டும். உயிருள்ள ஆர்டிமியாவில் தொடங்கி, உறைந்த இரைக்குப் பழக்கி, ஆறேழு வாரத்தில் பொடிக் குருணை இரைக்கும் கொண்டுவந்துவிட்டால் பகல் வேளைகளை ஆட்டோ ஃபீடர் பார்த்துக்கொள்ளும். இந்தக் கருவியின் விலை ஒரு ஆந்தியாஸின் விலைக்கு அருகில்தான் வருகிறது. மீன்மேல் போடும் பணத்தைக் கருவியில் போட மனம் வராதது ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

அடுத்தது கூட்டம். ‘ஆறு வாங்கிப் போடுங்க, அழகாக் கூட்டமா நீந்தும்’ என்று விற்கிறார்கள். கொஞ்சம் பணம் குறைவாக இருப்பவரிடம் ‘ஜோடியா வாங்குங்க’ என்கிறார்கள். இரண்டுமே இந்த மீனை அறியாத பேச்சு. தொட்டிக்குள் ஆந்தியாஸ் இறுக்கமாகக் கூடி ஒரே திசையில் நீந்தினால் அது பயந்திருக்கிறது என்று பொருள். புதிதாக விட்ட முதல் நாட்களில் அப்படி நீந்தும்; பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். பழகி, வயிறு நிறைந்து, ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் ஆளுக்கொரு உயரத்தில், நீரோட்டத்தைப் பார்த்தபடி தளர்வாக நிற்கும். ‘கூட்டமா நீந்தல, ஏமாத்திட்டாங்க’ என்று என்னிடம் வருத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மீன்கள் அன்றுதான் நிம்மதியாக இருந்தன.

கூட்டம் என்பது அவற்றுக்கு ஒரு குடும்ப ஏற்பாடு. எல்லா மீன்களும் பெண்ணாகவே வளர்கின்றன. ஒரு கூட்டத்துக்குச் சில ஆண்கள். ஆண் ஊதாவும் செந்நிறமும் கலந்திருக்கும்; முதுகுத் துடுப்பின் மூன்றாம் முள் கொடிபோல நீண்டிருக்கும். ஆணை எடுத்துவிட்டால் பெண்களில் மூத்தது ஆணாக மாறும். டெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் லெவ் ஃபிஷல்சன் செங்கடல் மீன்களை வைத்து இதைக் காட்டி, 1970-இல் நேச்சர் இதழில் எழுதினார். பத்து ஆண்டு கழித்து டக்ளஸ் ஷாப்பிரோ சயன்ஸ் இதழில் இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டினார். ஒரு கூட்டத்திலிருந்து பல ஆண்களை ஒரே நேரத்தில் எடுத்துவிட்டால், போன ஆண்களின் எண்ணிக்கைக்கு ஈடாகப் பெண்கள் ஆணாக மாறுகின்றன. எல்லாம் ஒரே சமயத்தில் மாறாமல், ஒன்றன்பின் ஒன்றாக, முறைவைத்து மாறுகின்றன. யார் போனார்கள், எத்தனை பேர் மிச்சம், அடுத்த இடம் யாருக்கு என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரிகிறது. இப்படி ஒரு கணக்கு வைத்திருக்கும் உயிரைத் தனியாக ஒரு தொட்டியில் விட்டால் அது மூலையில் ஒதுங்காமல் என்ன செய்யும்? இரண்டை விட்டால் ஒன்று ஆணாகி, துரத்துவதற்கு வேறு ஆளில்லாததால் மிச்சமிருக்கும் ஒன்றையே நாள் முழுக்கத் துரத்தும். மூன்றடித் தொட்டியில் இரண்டு ஆண்களை விட்டால் ஒன்றுதான் மிஞ்சும். இதற்கெல்லாம் ‘டெலிகேட்’ என்று பெயர் வைப்பது நியாயமே இல்லை.

என்னிடம் இப்போது இருப்பவை ஏழும் பெண்ணாக, சிறியவையாக, ஒரே நாளில் சேர்த்து விட்டவை. அவற்றில் பெரியது சில வாரங்களில் நிறம் மாறத் தொடங்கியது. முதலில் பக்கத் துடுப்பில் ஒரு மங்கிய கறை, பிறகு உடம்பில் ஊதா, கடைசியில் அந்த நீண்ட முள். ஒருத்தரும் காசு கொடுத்து ஆண் மீன் வாங்க வேண்டியதில்லை. இருட்டும் நேரத்தில் அது மேலும் கீழுமாக வளைந்து பாய்ந்து பெண்களை அழைப்பதைப் பார்ப்பதற்காகவே நான் அந்த நேரத்தில் வெளியே போவதில்லை. சில மாலைகளில் முட்டையும் மிதக்கிறது.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான சங்கதி ஒன்று உண்டு, அதை ஒளிக்கமாட்டேன். எல்லாச் சாவும் பசிச் சாவு இல்லை. யூரோனீமா என்ற ஒருசெல் ஒட்டுண்ணி ஆந்தியாஸையும் குரோமிஸ் என்ற சிறு மீனையும் குறிவைத்துத் தாக்கும். பக்கவாட்டில் சிவந்த புண் ஒன்று தெரியும். தெரிந்த சில நாட்களில் மீன் போய்விடும். நன்றாகத் தின்னும் மீனும் இதில் செத்திருக்கிறது. ஆனால் இந்த உயிரி பெரும்பாலும் அழுக்குத் தண்ணீரில் பாக்டீரியாவைத் தின்று வாழ்வது. நெருக்கமாக அடைத்து வைத்த, பட்டினியால் தளர்ந்த, செதில் உரிந்த மீன் கிடைக்கும்போது உடம்புக்குள் நுழைகிறது. அந்த நெருக்கமும் பட்டினியும் உரசலும் எங்கே நடக்கின்றன? பிடித்த இடத்துக்கும் கடைக்கும் நடுவில். பைக்குள் மீன் விடும் மூச்சால் கரியமில வாயு சேர்ந்து தண்ணீரின் பிஎச் இறங்குகிறது. அதனால் அங்கே சேர்ந்திருக்கும் அம்மோனியா கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பையைத் திறந்து காற்றுப் பட்டதும் பிஎச் ஏறி, அதே அம்மோனியா நஞ்சாகிறது. பையைத் திறந்துவைத்து இரண்டு மணிநேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் ‘பழக்கும்’ நல்லெண்ணக்காரர்கள் செவுளைப் பொசுக்குகிறார்கள். வெப்பத்தைச் சமன்படுத்தி, உப்பளவு பொருந்துகிறதா என்று பார்த்து, சட்டென்று மாற்றிவிடுவதுதான் நீண்ட பயணம் வந்த மீனுக்குச் செய்யும் நல்லது. பிறகு தனித் தொட்டியில், அரை இருட்டில், ஒரு மாதம், நாளுக்கு ஆறு வேளை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆந்தியாஸ் என்ற பெயரில் வரும் எல்லாம் ஒன்றில்லை. உடம்பு முழுக்க ஊதாவாக இருக்கும் டூக்கா, பாஸ்கலஸ் வகைகள் மிகச் சிறிய உயிரிரையைத் தவிர வேறெதையும் லேசில் தொடாதவை. அவற்றின் அழகைப் பார்த்து வாங்கத் துடிப்பவர்களிடம் வேண்டாம் என்று மன்றாடுவேன். ஆனால் அவை விஷயத்திலும் தடை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும்: அந்த அளவு நுண்ணிரையை நாளெல்லாம் வீட்டில் தர முடியவில்லை. முடியாதது நம்மால். ‘என்னால் இதற்குச் சோறு போட முடியாது’ என்று சொல்வதற்கும் ‘இது நிக்காது’ என்று சொல்வதற்கும் இடையே உள்ள தூரம் பெரியது. முன்னதைச் சொல்பவர் வாங்கமாட்டார். பின்னதைச் சொல்பவர் ‘ஒருவேளை என்னிடம் நிக்கலாம்’ என்று வாங்கிப் பார்ப்பார்.

‘நிக்காது’ என்ற பேச்சு எச்சரிக்கைபோலத் தோன்றினாலும் அது கடலுக்குச் செய்வது கேடுதான் என்று நான் சொல்வது இதனால்தான். வீட்டுத் தொட்டிகளுக்கு வரும் நன்னீர் மீன்கள் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை. கடல் மீன்கள் ஏறத்தாழ எல்லாமே கடலில் பிடித்தவை. 2003-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் வெளியிட்ட அறிக்கை, ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட கடல் அலங்கார மீன்கள் விற்கப்படுவதாகக் கணக்கிட்டது. அதில் அதிகம் விற்கும் மீன்களின் வரிசையில் முன்னால் நிற்பது பச்சைக் குரோமிஸ். அதுவும் கூட்ட மீன்தான், அதுவும் மிதவையுயிரி தின்பதுதான், அதுவும் தொட்டிகளில் ஆறு ஐந்தாகி, ஐந்து மூன்றாகி, கடைசியில் ஒன்றாகக் குறைவதுதான். ஆனால் விலை குறைவு. அதனால் அதை யாரும் டெலிகேட் என்றுகூடச் சொல்வதில்லை. செத்தால் இன்னும் ஆறு வாங்கிப் போடுகிறார்கள். பசியால் சாகும் ஒவ்வொரு மீனும் கடலில் இன்னொரு வலை வீச்சு. சாவு இயல்பு என்று ஒப்புக்கொண்ட வியாபாரத்தில், சாவைக் குறைக்க யாருக்கும் காரணம் இருக்காது. எட்டு வந்து மூன்று விற்றாலும் கணக்குச் சரியாகும்படி விலை வைக்கப்படும்.

கடலிலிருந்து எடுக்கவே கூடாது என்று சொல்லும் நண்பர்களோடு எனக்குப் பாதிக்கு மேல் உடன்பாடு உண்டு. அவர்களிடம் விழிஞ்ஞத்தைப் பற்றிச் சொல்வேன். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் அங்கே இருக்கிறது. சூடான்தியாஸ் மார்சியா என்ற ஆந்தியாஸை அவர்கள் தொட்டியில் வளர்த்து, தொட்டியிலேயே முட்டையிட வைத்து, குஞ்சுகளை வளர்த்து ஆளாக்கி, 2018-இல் அக்வாகல்ச்சர் ஆய்விதழில் முறையை வெளியிட்டார்கள். சுழற்சி நீர்த் தொட்டிகள், ஓயாத கவனிப்பு, சரியான அளவில் சரியான இரை. ‘நிக்காது’ என்று நாம் ஒதுக்கும் இனத்தின் ஒரு உறவுக்காரி நின்றது மட்டுமில்லை, குடும்பமும் பெருக்கியது. அந்தக் குஞ்சுகள் பெரிய அளவில் கடைக்கு வரும் நாள் வர வேண்டும். வந்தாலும் அவற்றுக்கும் ஆறு வேளை சாப்பாடு வேண்டும்; பண்ணையில் பிறந்ததால் குடல் நீண்டுவிடாது.

இவ்வளவு செய்ய எல்லோராலும் முடியுமா என்று கேட்கிறார்கள். முடியாது. நான்கடிக்குக் குறைந்த தொட்டி வைத்திருப்பவர், மூடியில்லாமல் திறந்து வைத்திருப்பவர் (இவை துள்ளி வெளியே விழும்), மாதத்தில் பத்து நாள் ஊரில் இல்லாதவர், ஆட்டோ ஃபீடரும் வைக்க விருப்பமில்லாதவர் வாங்க வேண்டாம். கோமாளி மீன் வாங்கலாம். மண்டபத்தில் அதே ஆராய்ச்சி நிறுவனம் அதைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறது, அதற்கு இரண்டு வேளை போதும், ஜோடியாகவே வாழும். அதில் குறைவு ஒன்றுமில்லை.

அந்தக் கடைக்கு மறுநாள் காலையே திரும்பப் போனேன். அன்று விடியலில் பொரித்த ஆர்டிமியாவை வடிகட்டி, சுத்தமான உப்புத் தண்ணீரில் ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கடைக்காரர் தயங்கினார். தண்ணீர் கெட்டால் நான் மாற்றித் தருகிறேன் என்றதும் சரியென்றார். பம்ப்பின் முன்னால் ஒரு மூடியளவு ஊற்றினேன். இரண்டு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு மீன் தலையைத் திருப்பியது. அப்புறம் ஐந்தும் ஆறும் ஒன்றன்மேல் ஒன்றாக மேலே வந்து, கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கொத்தத் தொடங்கின. ஏழாவது கொஞ்சம் தள்ளி நின்று கொத்தியது.

“சாப்பிடுதே சார்” என்றார் கடைக்காரர். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. அவரும் மீனை விரும்பித்தான் இந்தத் தொழிலுக்கு வந்திருப்பார். ஒரு மணிநேரம் கழித்து மறுபடி ஒரு மூடி. மத்தியானம் இன்னொரு தடவை போடச் சொல்லி, மீதிப் பாட்டிலையும் ஒரு டப்பா ஆர்டிமியா முட்டையையும் அவரிடமே கொடுத்தேன்.

எட்டாவது மீன் பாறைக்குப் பின்னால் நின்றது. அதன் முகத்துக்கு நேராகவே சொட்டுக் குழாயால் விட்டுப் பார்த்தோம். அது திரும்பவில்லை.